பலகையும் தங்கூசியும் மோகனமும்: மலையக உயர்கல்வி வகுப்பில் குச்சின் கற்பிக்கும் முறை

குச்சின் சீனத்தின் ஏழு தந்திக் கருவி. நீளம் ஏறத்தாழ 120 செ.மீ. மேசைமேல் கிடத்தி வாசிப்பார்கள். வீணையில் இருப்பதுபோல் இதில் மெட்டுகள் கிடையாது. அரக்குப் பூசிய பலகையின் மேலேயே இடக்கை விரல் தந்தியை அழுத்தி, வழுக்கிச் செல்லும். யுனெஸ்கோ இக்கலையை 2003இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளில் ஒன்றாக அறிவித்தது. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட இசைத்தட்டிலும் குவான் பிங்ஹு வாசித்த குச்சின் இசை ஏழரை நிமிடம் ஒலிக்கிறது.

பேராதனையிலோ பத்தனையிலோ பதுளையிலோ, 15 வார அரையாண்டில் வாரம் 3 மணித்தியாலம் கிடைக்கும் ஒரு பாட அலகை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மாணவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பலர் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படித்திருப்பார்கள். சிலர் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களாகவும் இருக்கலாம். இந்த இரு அறிவும் இங்கே நேராகப் பயன்படும்.

முதல் வாரமே ஓர் உருப்படியைக் கொடுத்து விரலசைவைப் பார்த்துப் பழகச் சொல்வதே இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. பத்தாவது வாரத்தில் எல்லோரும் ஒரு பாடலை வாசிப்பார்கள், ஆனால் சுருதி விலகிய கருவியில். மெட்டில்லாத கருவியில் விரல் நிற்கும் ஒவ்வோர் இடமும் விரல் வைக்காத வெறுந் தந்தியின் சுருதியிலிருந்தே பிறக்கிறது. அது பிசகினால் காதுக்குப் பிடிமானமே இல்லை. ஆகவே 15 வாரங்களில் முதல் நான்கை ஒலிக்கும் சுருதிக்கும் மட்டும் ஒதுக்குங்கள். அந்த நான்கு வாரத்தைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் இணங்காதீர்கள்.

எத்தனை கருவி

உண்மையான குச்சின் ஐந்து மாணவருக்கு ஒன்று போதும். 20 பேருக்கு நான்கு. ஆனால் பயிற்சிப் பலகை ஆளுக்கொன்று வேண்டும். வாரத்தில் மூன்று மணித்தியாலம் மட்டும் தொட்ட கருவி எவர் கைக்கும் வராது. விடுதி அறைக்கோ லயத்து வீட்டுக்கோ எடுத்துச் செல்லக்கூடிய ஒன்று இருந்தால்தான் தினமும் 20 நிமிடம் பழக முடியும்.

குச்சின் வாங்கும்போது ஏழு தந்திகளையும் 7ஆம் பொட்டிலிருந்து (பலகை விளிம்பில் பதித்த பதின்மூன்று அடையாளப் பொட்டுகளில் நடுவிலுள்ளது) இடப்பக்கம் கடைசி வரை அங்குலம் அங்குலமாக அழுத்தி மீட்டிப் பாருங்கள். எங்காவது ‘கிர்’ என்று தந்தி பலகையில் அடித்தால் அந்த இடத்தில் மேடு இருக்கிறது. அரக்கை மறுபடி தேய்க்காமல் அது போகாது; அந்த வேலையை இங்கே செய்ய ஆளில்லை. ஒலி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். 1960களுக்கு முன் பட்டுத் தந்திகளே கட்டினார்கள். வகுப்புக்கு இன்றைய உலோகக் கரு, நைலோன் சுற்றுத் தந்திகளே ஏற்றவை. பட்டு ஈரப்பதனுக்கேற்ப ஓயாமல் சுருதி மாறும்.

பயிற்சிப் பலகை செய்தல்

மரக்காலையில் லுணுமிதெல்ல (மலைவேம்பு) பலகை கேளுங்கள். நன்றாக உலர்ந்தது, முடிச்சில்லாதது, 125 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிப்பு. அல்பீசியாவும் ஆகும், ஆனால் அது மிக மென்மையானது, திருகாணி இளகிவிடும். சீனத்தில் மேற்பலகைக்குப் பவுலோனியா, பழைய தேவதாரு போன்ற இலேசான மரங்களையும் அடிப்பலகைக்குக் கட்டலப்பா என்ற சற்றுக் கடினமான மரத்தையும் எடுத்து, இரண்டையும் குடைந்து ஒட்டுவார்கள். நமது பலகை குடையாத ஒற்றைப் பலகை. ஒலி சிறிதாகவே இருக்கும், பக்கத்து அறைக்கே கேட்காது. படிக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வசதிதான்.

மேற்பரப்பைச் சீவும்போது தச்சுவேலை பாஸிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நீளவாக்கில் நடுப்பகுதி 1 மி.மீ. குழிவாக இருக்கலாம், மேடாக ஒருபோதும் இருக்கக் கூடாது. இரும்பு அடிமட்டத்தை நீளவாக்கில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேடு தெரிந்துவிடும்.

வலது முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கடின மரத்தில் தந்திகளைத் தாங்கும் 10 மி.மீ. உயரக் குதிரை. அதிலிருந்து சரியாக 108 செ.மீ. இடப்பக்கம் 2 மி.மீ. உயர விளிம்பு. இந்த 108 என்ற அளவை மாற்றாதீர்கள், காரணம் கீழே வருகிறது. குதிரையில் தந்திகளுக்கிடையே 20 மி.மீ., இடது விளிம்பில் 13 மி.மீ. இடைவெளி. குதிரைக்கு வலப்புறம் கிற்றார் முறுக்காணிகள் ஏழு. ஒரு கிற்றார்த் தொகுதியில் ஆறுதான் வரும் என்பதால் மொத்தமாகக் கணக்கிட்டு வாங்குங்கள். இடது முனையில் துளையிட்டுத் தந்தியை அடியில் முடிச்சுப் போடலாம்.

தந்திக்குத் தங்கூசி போதும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஒற்றை இழை நைலோன். 1ஆம் தந்தி முதல் 7ஆம் தந்தி வரை விட்டம்: 1.6, 1.4, 1.2, 1.0, 1.0, 0.8, 0.7 மி.மீ. இந்த அளவுகளில் ஒவ்வொரு தந்தியின் இழுவையும் 4 முதல் 5 கிலோ வரை நிற்கும். ஏழும் சேர்ந்து 32 கிலோ அளவில் பலகையை இழுக்கும். 4 செ.மீ. பலகை அதைத் தாங்கும், 2 செ.மீ. பலகை வில்லாக வளையும். எல்லாத் தந்திக்கும் ஒரே விட்டம் போட்டால் 1ஆம் தந்தி தளர்ந்து தொங்கும், 7ஆம் தந்தி கையை அறுக்கும். புதுத் தங்கூசி நான்கைந்து நாள் நீண்டுகொண்டே போகும். நாளுக்கு மூன்று முறை ஏற்றிவிடுங்கள். அதற்குள் சுருதிப் பாடம் நடத்தினால் மாணவர் தம் காதைத்தான் சந்தேகிப்பார்கள்.

பூச்சுக்குச் சாதாரண வார்னிஷ் இரண்டு கை. மரபு முறையில் பதப்படுத்தாத பச்சை அரக்கில் மான்கொம்புப் பொடி கலந்து பூசுவார்கள். அந்தப் பச்சை அரக்கு தோலில் கடுமையான அரிப்பும் கொப்புளமும் தரும்; சேரங்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் பால் அது. வகுப்பில் அதை வைத்து எதையும் பரிசோதிக்க வேண்டாம்.

மேசை 68 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது. விரிவுரை மண்டப மேசை பெரும்பாலும் அதைவிட உயரம். அப்போது கதிரையை உயர்த்துங்கள். முழங்கை தந்தி மட்டத்துக்குக் கீழே போனால் தோள் தூக்கும், அரை மணித்தியாலத்தில் கழுத்து வலிக்கும். உண்மைக் குச்சினின் முறுக்காணிகள் வலது முனையில் அடிப்பக்கம் தொங்குவதால் அந்த முனை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்க வேண்டும். அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வையுங்கள், வழுக்காது.

பதின்மூன்று பொட்டு

குச்சினின் அப்பால் விளிம்பில், 1ஆம் தந்திக்கு வெளியே, பதின்மூன்று சிப்பிப் பொட்டுகள் பதித்திருக்கும். 1ஆம் தந்தி மிகத் தடிப்பானது, வாசிப்பவருக்கு மிகத் தூரத்தில் இருக்கும். 7ஆம் தந்தி உடம்புக்கு அருகில். வீணை பழகிய மாணவர் இதை முதல் நாளே தலைகீழாக எண்ணுவார்கள். எண்களைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

108 செ.மீ. பலகையில் பொட்டுகள் விழும் இடம், குதிரையிலிருந்து செ.மீ. கணக்கில்: 13.5, 18, 21.6, 27, 36, 43.2, 54, 64.8, 72, 81, 86.4, 90, 94.5. எல்லாமே எளிய பின்னங்கள். 7ஆம் பொட்டு நேர் பாதி. 5ஆம், 9ஆம் பொட்டுகள் மூன்றிலொன்று. 4ஆம், 10ஆம் பொட்டுகள் நான்கிலொன்று. 3, 6, 8, 11 ஐந்தின் பங்குகள். 2, 12 ஆறின் பங்குகள். 1, 13 எட்டின் பங்குகள். ஏழின் பங்கு இல்லை. ஏனென்று கண்டிப்பாக ஒரு மாணவர் கேட்பார். ஏழாவது பகுதிச்சுரம் இந்த ஐந்து சுர வரிசையில் எதனோடும் பொருந்தாது. ஆய்வுகூடச் சுரமானியில் (நகர்த்தக்கூடிய பாலங்கள்மேல் தந்தி கட்டிய பௌதிகவியல் கருவி) தந்தியை ஏழாகப் பிரித்துத் தொட்டுக் காட்டினால் அவரே கேட்டுக்கொள்வார்.

இனி அந்த 108க்கு வருவோம். குவான்ஸி என்ற பழஞ்சீன நூல் ஐந்து சுரங்களைக் கணக்கிடும் வழி இது: 81இல் தொடங்கு, மூன்றிலொன்று கூட்டினால் 108, அதில் மூன்றிலொன்று கழித்தால் 72, மூன்றிலொன்று கூட்டினால் 96, மூன்றிலொன்று கழித்தால் 64. நீளமான தந்தியிலிருந்து அடுக்கினால் 108, 96, 81, 72, 64. சுரமானியின் பாலங்களை இந்தச் செ.மீ. அளவுகளுக்கு நகர்த்தி, இழுவையை மாற்றாமல் ஒவ்வொன்றாக மீட்டச் சொல்லுங்கள். மூன்றாவதை, அதாவது 81ஐ, ஸ என்று கொண்டு பாடினால் ப த ஸ ரி க. மோகன ராகம் வகுப்பில் தானாக எழும்பும்.

குச்சினின் ஏழு தந்தியும் இதே வரிசைதான்: ப த ஸ ரி க ப த. ஷட்ஜம் 3ஆம் தந்தியில் இருக்கிறது. மிகத் தாழ்ந்த தந்தியில் இல்லை. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் எல்லோரும் 1ஆம் தந்தியையே ஸ என்று பாடிச் சுத்த சாவேரிக்குப் போய்விடுவார்கள். அந்தத் தவறையே பாடமாக்கலாம். 1ஆம் தந்தியை ஆதாரமாக வைத்தால் சுத்த சாவேரி, 2ஆம் தந்தியை வைத்தால் சுத்த தன்யாசி, 4ஆம் தந்தி மத்யமாவதி, 5ஆம் தந்தி ஹிந்தோளம். கிரக பேதம் என்று நாம் படித்தது இதுவே. சீனர் இந்த ஐந்து நிலைகளையும் ஜி, யூ, கோங், ஷாங், ஜுவே என்ற சுரப் பெயர்களாலேயே அழைக்கிறார்கள், மோகனம் கோங். பழந்தமிழ்ச் செங்கோட்டியாழுக்கும் நரம்பு ஏழு என்பதை நினைவூட்டலாம். ஆனால் அதிலிருந்து இது வந்தது, இதிலிருந்து அது வந்தது என்ற பேச்சை வகுப்பில் வளரவிடாதீர்கள். ஐந்து சுர வரிசை ஒரே பின்னக் கணக்கிலிருந்து பல நாட்டிலும் பிறக்கக்கூடியது.

சுருதி சேர்த்தல்

இந்தப் பகுதிக்கு இரண்டு முழு வாரம். தேவையானது 440 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்று. சுருதி காட்டும் செயலியுள்ள தொலைபேசிகளை மாணவரிடமிருந்து வாங்கி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

முதலில் வாயால் பாடித் தந்திகளைத் தோராயமாக ப த ஸ ரி க ப த என்று நிறுத்துங்கள். இந்தப் படியைத் தாண்டினால் தந்தி ஒரு ஸ்தாயி கீழே நின்று ஏமாற்றும். பிறகு மேற்றொனிகளால் நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். பொட்டுக்கு நேரே தந்தியை இறகுபோல் தொட்டு, மீட்டிய உடனே விரலை எடுத்தால் மணிபோல் ஒலிப்பது மேற்றொனி.

1. இசைக்கவையைத் தட்டிக் காம்பைப் பலகையில் ஊன்றுங்கள். 5ஆம் தந்தியின் 10ஆம் பொட்டு மேற்றொனி அதனோடு ஒன்ற வேண்டும். (5ஆம் தந்தி 110 ஹேர்ட்ஸ்; 10ஆம் பொட்டு அதை நான்கு மடங்காக்குகிறது.)
2. 7ஆம் தந்தியின் 9ஆம் பொட்டை, 5ஆம் தந்தியின் 10ஆம் பொட்டோடு சேர்க்கவும்.
3. 2ஆம் தந்தியின் 10ஆம் பொட்டை, 7ஆம் தந்தியின் 7ஆம் பொட்டோடு.
4. 4ஆம் தந்தியின் 9ஆம் பொட்டை, 2ஆம் தந்தியின் 10ஆம் பொட்டோடு.
5. 6ஆம் தந்தியின் 9ஆம் பொட்டை, 4ஆம் தந்தியின் 10ஆம் பொட்டோடு.
6. 1ஆம் தந்தியின் 10ஆம் பொட்டை, 6ஆம் தந்தியின் 7ஆம் பொட்டோடு.
7. 3ஆம் தந்தியின் 9ஆம் பொட்டை, 1ஆம் தந்தியின் 10ஆம் பொட்டோடு.

ஒவ்வொரு படியிலும் முதலில் சொன்ன தந்தியை மட்டும் முறுக்க வேண்டும். பாதி வழியில் குழம்பி ஏற்கெனவே சேர்த்த தந்தியைத் திருகிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும். சேர்ந்த தந்தியின் முறுக்காணியில் சிறு நூல் கட்டிவிட்டால் கை அங்கே போகாது. இரண்டு மேற்றொனிகளும் நெருங்கும்போது ஒலி ‘வவ்-வவ்’ என்று துடிக்கும். உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு என்று படித்தது இதுதான். துடிப்பு மெதுவாகி நிற்கும் இடம் ஒத்த சுருதி. வேகமாகிறதென்றால் முறுக்குவது தவறான பக்கம்.

தடித்த தங்கூசியில், குறிப்பாக 1ஆம், 2ஆம் தந்திகளில், மேற்றொனி மங்கலாகவும் சற்று ஏறியும் கேட்கும். பலகையில் இந்த இரண்டையும் 6ஆம், 7ஆம் வெறுந் தந்திகளோடு ஸ்தாயி ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். உண்மைக் குச்சினில் இந்தக் குறை இல்லை.

ஏழு படியும் முடிந்ததும் 3ஆம் தந்தியின் 11ஆம் பொட்டையும் 5ஆம் தந்தியின் 10ஆம் பொட்டையும் சேர்ந்து ஒலிக்கச் செய்யுங்கள். துடிக்கும். விநாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை அடிப்பு. மாணவர் பதறி முறுக்காணியைத் தொடுவார்கள், தடுத்துவிடுங்கள். இது பிழையல்ல. மூன்றிலொன்று கூட்டிக் கழித்து வந்த காந்தாரம் 81/64. 11ஆம் பொட்டு தரும் இயல்பான காந்தாரம் 5/4. இரண்டுக்கும் நூலிழை வேறுபாடு உண்டு, அதுதான் துடிக்கிறது. அந்தர காந்தாரத்தின் இரு சுருதி நிலைகளைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்த மாணவர் இங்கே அதைக் காதால் கேட்கிறார். ஒரு மணித்தியாலம் இதிலேயே கழிந்தாலும் நட்டமில்லை.

சுருதிப் பெட்டியை 4 கட்டையில் வைத்து 3ஆம் தந்தியைச் சரிபார்த்தால் பெட்டி சற்றே மேலே நிற்கும், 8 சென்ட் அளவு (சென்ட் என்பது அரைச் சுர இடைவெளியில் நூறிலொரு பங்கு). அதையும் பிழை என்று நினைக்க வேண்டாம். வாசிக்கும்போது தம்புராச் சுருதியை ஓடவிடவும் வேண்டாம். இந்த இசையில் வெறுந் தந்திகளே ஆதாரம், இடைவிடா ரீங்காரம் மேற்றொனிகளை மூடிவிடும்.

வலக்கை

வலக்கை நகம் 2 முதல் 3 மி.மீ. வளர்த்திருக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளைகள், விடுமுறையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இதைச் சமாளிக்கச் சிரமப்படுவார்கள். நகம் உடைந்தால் சதையால் மீட்டட்டும், புள்ளி குறைக்காதீர்கள்.

அடிப்படை மீட்டு எட்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஒவ்வொன்றும் உள்நோக்கி ஒன்று, வெளிநோக்கி ஒன்று. சுண்டுவிரல் தொடுவதில்லை. நடுவிரலை உடம்பை நோக்கி இழுப்பது கோவ். சுட்டுவிரல் நகத்தை வெளியே தள்ளுவது தியாவ். இந்த இரண்டையும் இரண்டு வாரம் பழகிவிட்டால் மற்றவை தாமாக வரும். தியாவில் பெருவிரல் நுனி சுட்டுவிரலைத் தாங்கி நிற்க வேண்டும். தாங்காவிட்டால் ஒலி தகரம்போல் மெலியும். கோவ் முடிந்ததும் விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து ஓய வேண்டும். காற்றில் தூக்கினால் அடுத்த மீட்டு பிந்தும். குதிரைக்கும் 1ஆம் பொட்டுக்கும் இடையிலேயே மீட்டுங்கள். இடப்பக்கம் நகர நகர ஒலி மழுங்கும்.

வீணைக்காரர் கை சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாறி மாறி ஒரே திசையில் ஓடவிடும். அந்தப் பழக்கத்தை உடைக்க, 1ஆம் தந்தியையும் 6ஆம் தந்தியையும் ஒருசேர எழுப்பும் பயிற்சி கொடுங்கள்: நடுவிரல் உள்ளே, பெருவிரல் வெளியே, இரண்டும் ஒரே கணத்தில். பிறகு 2ஆம், 7ஆம் தந்திகள். ஸ்தாயி சுத்தமாகச் சேர்ந்திருக்கிறதா என்று காதும் அதே நேரம் பழகும்.

இடக்கை

மேற்றொனியில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: விரலை அழுத்துவது, அல்லது பொட்டிலிருந்து 3 மி.மீ. விலகுவது. 7ஆம் பொட்டில் விலகல் பொறுக்கும். 1ஆம், 2ஆம் பொட்டுகளில் ஒலியே எழும்பாது. ஆகவே 7, 9, 10 என்ற வரிசையில் தொடங்குங்கள்.

தந்தியைப் பலகையோடு அழுத்தி எழுப்பும் அழுத்தொலிக்குப் பெருவிரலின் நகமும் சதையும் சேரும் ஓரம், மோதிரவிரலின் நுனிப் பக்கம். தோல் காய்ப்பு ஏற இரண்டு வாரமாகும். அதுவரை நாளுக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் பயிற்சி, வெறுந் தந்தியோடு ஒப்பிடுவது. 1ஆம் தந்தியை 10ஆம் பொட்டில் அழுத்தினால் 3ஆம் வெறுந் தந்தி. 2ஆம் தந்தியை அங்கே அழுத்தினால் 4. 4ஆம் தந்தியை அழுத்தினால் 6. 5ஆம் தந்தியை அழுத்தினால் 7. 3ஆம் தந்தி மட்டும் விலக்கு. அதை 11ஆம் பொட்டில் அழுத்தினால் 5ஆம் தந்தியைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். முன்பு கேட்ட அதே காந்தார வேறுபாடு. பொட்டிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் ஒன்றிவிடும். பிற்காலக் குறிமுறையில் இந்த இடத்தைப் ‘பத்தாம் பொட்டு, எட்டுப் பங்கு’ என்று எழுதுவார்கள். 81க்கும் 86.4க்கும் இடையை பத்தாகப் பிரித்து எட்டாவதை அளந்தால் 85.32 செ.மீ.; 108ஐ 81/64ஆல் வகுத்தால் 85.33. கணக்கில் விருப்பமுள்ள மாணவரைக் கரும்பலகைக்கு அழைத்து இதைச் செய்யவிடுங்கள்.

இழைவுகள் கடைசியில். கீழிருந்து ஏறிச் சுரத்தில் நிற்பது சுவோ, மேலிருந்து இறங்கி நிற்பது ஜூ. மீட்டிய பின் சுரத்தைச் சுற்றிச் சிறிதாக அசைப்பது யின், அகலமாக அசைப்பது நாவ். கர்நாடக சங்கீதக் கை இங்கே கட்டுக்கடங்காது. எல்லாச் சுரத்திலும் கம்பிதம் என்ற அசைவு ஏறும். ‘குறியில் எழுதியிருந்தால் மட்டும் அசை’ என்று கண்டிப்பாக இருங்கள். வெறுந் தந்தி, மேற்றொனி, அழுத்தொலி மூன்றும் வேறு வேறு நிறமாகக் கேட்பதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. எல்லாவற்றையும் அசைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். வீணைபோல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கவும் கூடாது. வயலின் பழகியவர்களுக்கு இந்த அத்தியாயம் எளிது.

குறிமுறை

குச்சின் ஏட்டில் சுரம் எழுதியிருக்காது. எந்த விரல், எந்தப் பொட்டு, எந்தத் தந்தி, எந்த மீட்டு என்ற நான்கையும் ஒரே எழுத்துக் கட்டத்துக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். மேல் இடப்பக்கம் இடக்கை விரல், மேல் வலப்பக்கம் பொட்டு எண், கீழே மீட்டுக் குறி, அதற்குள் தந்தி எண். 1 முதல் 13 வரையான எண்களும் இருபதளவு குறிகளும் தெரிந்தால் எளிய ஏட்டைப் படிக்கலாம். சீன மொழி தெரிய வேண்டியதில்லை. 6ஆம் வாரத்திலிருந்து வாரம் ஐந்து குறி வீதம் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

கால அளவு அந்த ஏட்டில் இல்லை. நமது மாணவர் உடனே ஆதி தாளத்தில் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் என்ன கெடும் என்றால், ஒலி தேய்ந்து அடங்கும் வரை இழையும் சொற்றொடர்கள் எட்டாவது எண்ணிக்கையில் வெட்டுப்படும். சீனத்தில் ஏட்டிலிருந்து காலத்தை மீட்டெடுக்கும் இந்த வேலைக்குத் தாபு என்று பெயர். நான்கு பேர் குழுவுக்கு ஒரு சிறு பகுதியைக் கொடுங்கள். முதலில் தாமாகக் காலம் அமைக்கட்டும், பிறகு அதே பகுதியை இரண்டு கலைஞர்கள் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டு, தாங்கள் எடுத்த முடிவைக் காரணம் சொல்லி நிறுவட்டும். நமது சுரக்குறிப்பிலும் கமகம் எழுதுவதில்லை என்பதால் எழுதாததை வாசிக்கும் நியாயம் அவர்களுக்குப் புரியும்.

மற்றக் கருவிகளுக்கு இரண்டு வகுப்பு

பழஞ்சீனர் கருவிகளைச் செய்பொருளால் எட்டாகப் பிரித்தார்கள்: உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம். பட்டியலை ஒப்புவிக்க வைப்பதைவிட இரண்டைத் தொட்டுக் காட்டுங்கள்.

1978இல் ஹூபெய் மாகாணத்தில் தோண்டப்பட்ட ஸெங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறை கி.மு. 433ஐ ஒட்டியது. அங்கே 65 வெண்கல மணிகள், கல்மணித் தொகுதி, 25 நரம்பு ஸெ, பத்து நரம்புச் சின் என்ற தந்திக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. மணிகளில் பெரும்பாலானவை அடிக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு சுரம் தரும். மணியின் வாய் வட்டமாக இல்லாமல் பாதாம்பருப்பு வடிவில் இருப்பதே காரணம். இதை விளக்கப் பிடியுள்ள பீங்கான் தேநீர்க் கோப்பை போதும். விளிம்பில் பிடிக்கு நேர் எதிரே கரண்டியால் தட்டுங்கள்; பிறகு பிடிக்கும் அந்த இடத்துக்கும் இடையே, 45 பாகை தள்ளித் தட்டுங்கள். இரண்டாவது ஒலி உயர்ந்து கேட்கும். பிடியின் பாரம் வட்டச் சமச்சீரைக் கெடுப்பதால் இரண்டு அதிர்வு முறைகள் பிரிகின்றன.

மண் கருவியான ஷுன் ஊதுகுழலை மாணவரே செய்யலாம். முட்டை வடிவம், 9 செ.மீ. உயரம், சுவர் 6 மி.மீ., உச்சியில் ஊதுதுளை. சுரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் மொத்தப் பரப்பு. புல்லாங்குழல்போல் துளையின் இடம் அல்ல. சிறிதாகத் துளைத்துப் பெரிதாக்குங்கள்; சூளைக்குப் பின் திருத்த வழியில்லை. பனிமூட்டத்தில் மண் உலரப் பத்து நாளாவது வேண்டும். உள் ஈரத்தோடு சூளைக்குப் போனால் ஆவி அடைபட்டு வெடிக்கும்.

மழை, பனி, கச்சான்

குச்சின் மிக மெல்லிய குரல் கருவி. ஹற்றன், கினிகத்தேனைப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடம் நின்றுவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கொங்கிறீற் கூரையுள்ள அறையைக் கேளுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் இடிமழை பிற்பகலில் வருவதால் வகுப்பைக் காலையில் வையுங்கள்.

கருவி இருக்கும் அறையின் ஈரப்பதன் 50 முதல் 65 வீதத்துக்குள் இருப்பது நல்லது. வெளிப்பக்கம் அரக்கு காக்கும். உட்பக்கம் வெறும் மரம், அடியிலுள்ள இரண்டு ஒலித்துளை வழியாக ஈரம் நுழையும். நுவரெலியாவில் வெளிச்சுவரில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உட்சுவரில் மாட்டுங்கள், அல்லது பெட்டிக்குள் துணியில் கட்டிய அடுப்புக்கரியோடு வைத்து இரண்டு வாரத்துக்கொரு முறை கரியை வெயிலில் காயப்போடுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் நிலை வேறு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டும். ஒட்டுமூட்டு பிளக்கும் காலம் அது. அங்கே கரி வேண்டாம், பெட்டியை மூடியே வையுங்கள். காமன் கூத்துக்குத் தப்பைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த மாணவருக்குத் தோலும் நரம்பும் காற்றின் ஈரத்துக்கு எப்படி இணங்கும் என்று விளக்கவே தேவையில்லை. ஆனால் குச்சினைத் தீயருகே கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

புள்ளி வழங்கல்

நூறில் 30 சுருதி சேர்த்தலுக்கு. தந்திகளைக் குலைத்துக் கொடுத்து, இசைக்கவை மட்டும் வைத்து, 12 நிமிடத்துக்குள். வலக்கைக்கு 15, மேற்றொனிக்கு 15, அழுத்தொலிக்கும் இழைவுக்கும் 20, தாபுக் குழுவேலைக்கு 20. பரீட்சை உண்மைக் குச்சினில் நடக்கட்டும். பலகையிலிருந்து அதற்கு மாற ஒரு வாரமாவது முன்கூட்டியே கொடுங்கள், இல்லாவிட்டால் வழுவழுப்பான அரக்கில் விரல் பொட்டைத் தாண்டி ஓடிவிடும். அரையாண்டு முடிந்து பலகைகளை வாங்கி வைக்கும்போது ஒவ்வொரு தந்தியையும் ஒரு சுரம் இறக்கிவிடுங்கள். அடுத்த தொகுதிக்கு 1.0, 0.8, 0.7 மி.மீ. தங்கூசியைப் புதிதாகக் கட்டுங்கள். தடித்தவை இன்னோர் ஆண்டு தாங்கும்.